ஆட்டுக்குடலும் நம் குடலும்: டாக்டரம்மா பதில்கள்

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை குழம்புக்காகக் குடலைக் கழுவிக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள், துண்டு மாதிரி சொரசொரவென்று இருக்கும் பகுதியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுதான் எங்கள் பாடத்தில் வரும் குடல் உறிஞ்சி. இதைப் போய்ச் சுண்ணாம்பு போட்டுச் சுரண்டுகிறாயே" என்றாள். அவள் சொல்வது சரியா? நமக்கும் வயிற்றுக்குள் இப்படித்தான் இருக்குமா?
– வாசகி, பரமக்குடி

பதில்: முதலில் உங்கள் மகளுக்கு என் வாழ்த்து. படித்ததை அடுப்படியில் தேடிப் பார்க்கிற பிள்ளை. ஆனால் அவள் தொட்டது குடல் இல்லை, இரைப்பை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் இரைப்பை நான்கு அறைகளாக இருக்கும். அதில் பெரிய முதல் அறையின் உட்புறம்தான் அந்தத் துண்டு போன்ற பகுதி. ஆடு தின்ற புல்லையும் தழையையும் அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் புளிக்க வைக்கின்றன. அதில் உண்டாகும் கொழுப்பு அமிலங்களை, நீங்கள் சுரண்டுகிற அந்த நீட்சிகள் வழியாகத்தான் ஆடு தன் இரத்தத்துக்குள் எடுத்துக்கொள்கிறது. ஆக, மகள் இடத்தைத்தான் தவறாகச் சொன்னாள். அதன் வேலையைச் சரியாகவே ஊகித்திருக்கிறாள்.

உண்மையான குடல் உறிஞ்சியை அவளுக்குக் காட்ட வேண்டுமானால், குச்சி விட்டு உள்வெளியாகத் திருப்பிக் கழுவுவீர்களே, அந்த மெல்லிய குழாயை எடுங்கள். அன்றைக்கே அறுத்த ஆடாக இருக்க வேண்டும். உயிர் போன கொஞ்ச நேரத்திலேயே குழாயின் உட்புறச் சவ்வு கரைந்து உரியத் தொடங்கிவிடும். வெந்நீரும் சுண்ணாம்பும் படுவதற்கு முன்னால் நாலு விரல் நீளத் துண்டு ஒன்றை நறுக்கி, நீளவாக்கில் பிளந்து, மெதுவாக அலசி, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீருக்குள் போடுங்கள். வெயிலில் வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கச் சொல்லுங்கள். வெளியே எடுத்தால் வெறும் வழவழப்பு; தண்ணீருக்குள் இருக்கும்போது வெல்வெட் துணியின் மயிர் போல எழுந்து நின்று அசையும். ஒவ்வொரு மயிரும் அரை மில்லிமீட்டரில் இருந்து ஒரு மில்லிமீட்டர் உயரம். அதுதான் குடல் உறிஞ்சி. நம் சிறுகுடலிலும் அதே உயரம்தான்.

முப்பது வருடங்களுக்கு மேல் வயிற்று அறுவை செய்தவள் நான். சிறுகுடலின் வெளிப்புறம் ஈரத்தில் மின்னும், வழுவழுப்பாக இருக்கும், கையில் பிடித்திருக்கும்போதே நெளியும். உள்ளே நடப்பதை வெளியிலிருந்து ஊகிக்கவே முடியாது. திறந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது வளையம் வளையமான மடிப்புகள். பாவாடையின் சுருக்கம் என்றால் இழுத்தால் பிரிந்துவிடும். இந்த மடிப்புகள் குடல் எவ்வளவு விரிந்தாலும் பிரியாது. மேல்பகுதியில் நெருக்கமாக, தடிப்பாக இருக்கும். கீழே போகப் போகக் குறைந்து, கடைசியில் இல்லாமலே போகும். அறுவை அரங்கில் குடலின் ஒரு வளைவைக் கையில் எடுத்து இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தாலே இது மேல்குடலா கடைக்குடலா என்று சொல்லிவிடலாம். மேல்குடல், பாவாடை நாடா கோத்த பட்டியைத் தொடுவது போல இரட்டைத் துணியாகத் தெரியும். கடைக்குடல் ஒற்றைத் துணி.

மடிப்பின் மேல் வெல்வெட் மயிர். அந்த மயிரைப் போர்த்தியிருப்பது ஒரே ஒரு அடுக்குச் செல்கள். ஒவ்வொரு செல்லின் தலையிலும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மட்டுமே தெளிவாகத் தெரியும் நுண்ணுறிஞ்சிகள், ஒரு செல்லுக்கு ஆயிரக்கணக்கில். அவற்றின் உயரம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. செரிமானத்தின் கடைசி வெட்டு அங்கேதான் நடக்கிறது. சர்க்கரையை உடைக்கும் நொதிகள் அந்த நுண்ணுறிஞ்சிகளின் மேலேயே பதிந்திருக்கின்றன. பால் சர்க்கரையை உடைக்கிற லாக்டேஸ் நொதி இருப்பதும் அங்கேதான்; வயது வந்தபின் அது குறைந்துபோகிறவர்களுக்குத்தான் பால் குடித்தால் வயிறு உப்புகிறது.

இப்போது ஒரு கணக்கு. உயிருள்ளவரின் சிறுகுடலை, மூக்கு வழியாகச் செலுத்திய குழாயால் அளந்தால் சுமார் 3 மீட்டர். (6 மீட்டர், 7 மீட்டர் என்று புத்தகங்களில் வருவது, தசை முழுக்கத் தளர்ந்த பின் இறந்த உடலில் நீட்டி அளந்தது.) உட்குழாயின் விட்டம் இரண்டரை சென்டிமீட்டர் என்று வையுங்கள். வெறும் வழுவழுப்பான குழாயாக இருந்தால் அதன் உட்பரப்பு கால் சதுர மீட்டர்கூட வராது. விரித்த செய்தித்தாளின் ஒரு பக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். மடிப்பும் உறிஞ்சியும் நுண்ணுறிஞ்சியும் சேர்ந்து அதை ஒரு டென்னிஸ் மைதானம் ஆக்குகின்றன என்றுதான் நான் படித்தேன், மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன். 2014-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் மறுபடி கவனமாக அளந்தார்கள். வாயிலிருந்து கடைசிவரை செரிமானப் பாதை மொத்தமும் சேர்த்தே சுமார் 32 சதுர மீட்டர்தான் வந்தது. அதில் பெருங்குடலுக்கு 2 சதுர மீட்டர். டென்னிஸ் மைதானம் இல்லை, பாதி பேட்மிண்டன் மைதானம் என்றார்கள். நம் கணக்கில் சொன்னால் முந்நூற்று சொச்சம் சதுர அடி. சென்னையில் ஒரு குடும்பம் வாழ்கிற ஒற்றைப் படுக்கையறை வீடு. ஒரு செய்தித்தாள் பக்கத்துக்குள் ஒரு வீட்டையே மடித்து வைத்திருக்கிறது உடம்பு. டென்னிஸ் மைதானம் குறைந்துபோனதில் எனக்கு வருத்தமே இல்லை.

தேர்வில் மட்டும் உங்கள் மகள் பாடப்புத்தகத்தில் உள்ள எண்ணையே எழுதட்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாருக்கும் விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதிக்குப் போக வைப்பார்கள். குடலில் பழைய அழுக்கு ஒட்டியிருக்கும் என்கிறார் மாமியார். நான் நர்சிங் படித்தவள். அவரிடம் எப்படிச் சொல்வது?
– வாசகி, லால்குடி

பதில்: மாமியாரிடம் குடல் அழுக்கைப் பற்றி வாதம் செய்யாதீர்கள். குடல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிற விதத்தைச் சொல்லுங்கள், அவருக்குப் பிடிக்கும். வெல்வெட் மயிர் என்றேனே, அதன் அடிவாரத்தில் சின்னச் சின்னக் குழிகள் உண்டு. புதுச் செல்கள் அந்தக் குழிகளில் பிறந்து, வரிசையாக மேலே ஏறி, உச்சியை அடைந்ததும் உதிர்ந்துவிடும். பிறப்பதில் இருந்து உதிர்வதுவரை 3 முதல் 5 நாட்கள். போன திங்கட்கிழமை அவர் சாப்பிட்ட இட்லியை உறிஞ்சிய செல்களில் பெரும்பாலானவை இந்தத் திங்கட்கிழமை அங்கே இல்லை. அழுக்கு ஆறு மாதம் ஒட்டிக்கொண்டிருக்க அந்தச் சுவரே நிலையாக இருப்பதில்லை.

பேதி மருந்து கழுவிக்கொண்டு போவது தண்ணீரையும் உப்பையும்தான். வயதானவர்கள், சிறு பிள்ளைகள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து. மருத்துவர் வேறு காரணத்துக்காக எழுதிக்கொடுத்தால் அது தனி. பூச்சி மருந்தும் வேறு. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையை விடாமல் போடுங்கள். கொக்கிப்புழு மேல்குடலின் அதே உறிஞ்சிகளைக் கவ்விக்கொண்டுதான் இரத்தத்தைக் குடிக்கிறது.

கேள்வி: இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு சேர்த்துப் போடலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: வேண்டாம். இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வது பெரும்பாலும் இரைப்பையை ஒட்டிய முதல் 25 சென்டிமீட்டரில், முன்சிறுகுடலில். பன்னிரண்டு விரல் அகலம் என்ற பொருளில் பழங்கால கிரேக்க மருத்துவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். அவ்வளவு குறுகிய இடத்தை டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு ஒட்டிக்கொண்டே கடந்துவிட்டால், அப்புறம் பெரிதாக வாய்ப்பில்லை. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள். டீக்கும் மாத்திரைக்கும் நடுவே ஒன்றிரண்டு மணி நேரமாவது இருக்கட்டும்.

கேள்வி: பேரனுக்கு இரண்டு வயது. வயிற்றுப்போக்கு வந்தபோது சுகாதார நிலையத்தில் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கொடுத்தார்கள். போவது தண்ணீரும் உப்பும்தானே, சர்க்கரை எதற்கு? சர்க்கரை போட்டால் பேதி இன்னும் கூடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.
– ஒரு பாட்டி, நத்தம்

பதில்: அம்மா, இந்தக் கேள்விக்காகவே உங்களுக்குக் கடிதம் எழுத வேண்டும் போல இருந்தது. நம் நாட்டுப் பிள்ளைகளை உயிரோடு வைத்திருக்கிற ஒரு அறிவியலை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

சிறுகுடலுக்குள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 9 லிட்டர் திரவம் வந்து சேருகிறது. நாம் குடிப்பது அதில் இரண்டு லிட்டர்தான். மீதி எச்சில், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடலே சுரக்கும் நீர். அதில் ஏழரை எட்டு லிட்டரைச் சிறுகுடலே திரும்ப உறிஞ்சிவிடும். மிச்சத்தில் பெரும்பகுதியைப் பெருங்குடல் எடுத்துக்கொள்ளும். மலத்தில் போவது ஒரு டம்ளருக்குள். வயிற்றுப்போக்கு என்பது இந்தக் கொடுக்கல் வாங்கல் தலைகீழாவது.

இப்போது சர்க்கரைக்கு வருவோம். குடல் செல்லின் தலையில் சோடியம் உள்ளே நுழைய ஒரு விசேஷமான கதவு இருக்கிறது. குளுக்கோஸ் கூட வந்தால்தான் அது திறக்கும். சோடியமும் குளுக்கோஸும் கை கோத்துக்கொண்டு உள்ளே போகும். அவற்றின் பின்னாலேயே தண்ணீர் போகும். உப்பை மட்டும் கரைத்துக் கொடுத்தால் அந்தக் கதவு திறக்காது. இப்படி ஒரு இணைப்பு இருக்க வேண்டும் என்று ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1960-இல் பிராக் நகரில் நடந்த கூட்டத்தில் சொன்னார். காலரா வந்த குடலில்கூட இந்தக் கதவு பழுதாவதில்லை. நீர் வெளியே கொட்டிக்கொண்டிருக்கும்போதே இந்தக் கதவு உள்ளே இழுத்துக்கொண்டும் இருக்கும்.

அதை வைத்து ஒரு முகாமையே காப்பாற்றியவர் நம் நாட்டு டாக்டர். 1971, வங்கதேசப் போர். எல்லை தாண்டி வந்த அகதிகள் மேற்கு வங்கத்தில் பன்காவ் என்ற ஊரில் குவிந்திருந்தார்கள். காலரா. ஆஸ்பத்திரித் தரையில் நோயாளிகள் கிடக்கிறார்கள், நரம்பு வழியாக ஏற்றுகிற சலைன் தீர்ந்துகொண்டிருக்கிறது. குழந்தை மருத்துவரான திலீப் மஹாலனாபிஸ் ஒரு முடிவெடுத்தார். குளுக்கோஸ், சமையல் உப்பு, சமையல் சோடா மூன்றையும் கல்கத்தாவில் பொட்டலம் கட்டி வரவழைத்து, குழாய் வைத்த பீப்பாய்களில் சுத்தமான தண்ணீரில் கரைத்து வைத்தார். பிள்ளைக்குத் தாயும், தாய்க்கு மகளும் என்று வீட்டு மனிதர்களே பிடித்துவந்து ஊட்டினார்கள். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் இறப்பு நாலு பேருக்கும் கீழே குறைந்தது. அவர் 2022-இல் காலமானார். மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவித்தார்கள். உயிரோடு இருக்கும்போதே கொடுத்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

பக்கத்து வீட்டார் சொன்னதிலும் ஒரு உண்மை இருக்கிறது. சர்க்கரை அளவுக்கு மீறினால் அது தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து பேதியைக் கூட்டும். பாட்டிலில் வரும் இனிப்புப் பானங்களும் பழச்சாறும் இந்த நேரத்தில் வேண்டாம் என்பது அதனால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம். பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அதே அளவில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். பாதியைக் கொட்டி ஒரு டம்ளரில் கண்ணளவுக்குக் கலக்காதீர்கள். நான் பார்த்த தவறுகளில் இதுதான் அதிகம். பொட்டலம் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் டீஸ்பூனால் தலை தட்டி 6 ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லதுதான். கஞ்சி மாவு குடலில் உடைந்து குளுக்கோஸாகி அதே கதவைத் திறக்கும்.

குடித்ததும் வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு அதை நிறுத்த வேண்டாம், சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். டாக்டர் எழுதிய துத்தநாக மாத்திரையை 14 நாளும் முடியுங்கள், பேதி நின்ற பிறகும். பிள்ளை துவண்டு போனால், கண் குழி விழுந்தால், சிறுநீர் போகாவிட்டால், மலத்தில் இரத்தம் வந்தால் கரைசலை ஊட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு குடல் உறிஞ்சிக்குள்ளும் இரத்த நாளம், நிணநீர் நாளம் இரண்டும் இருப்பதாகப் படிக்கிறோம். ஒன்று போதாதா?
– மாணவர், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, கொழுப்புக்காகத்தான் இரண்டாவது. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் தண்ணீரில் கரைபவை. இரத்த நாளத்தில் ஏறி, நேரே கல்லீரலுக்குப் போய்க் கணக்குக் காட்டிவிட்டுத்தான் மற்ற உறுப்புகளுக்குப் போகும். கொழுப்பைக் குடல் செல் தனக்குள் மறுபடி கட்டி, புரதம் போர்த்தி, உருண்டைகளாக ஆக்கி வெளியே விடுகிறது. அந்த உருண்டை நுண்ணிய இரத்த நாளத்தின் சுவருக்குள் நுழைய முடியாத அளவு பெரியது. உறிஞ்சியின் நடுவில் உள்ள நிணநீர் நாளத்தின் சுவரோ தளர்வானது. அங்கே நுழைந்து, மார்புக்குள் ஏறி, கழுத்தின் இடது அடியில் இரத்தத்தோடு கலக்கிறது. கல்லீரலை முதல் சுற்றில் தொடுவதே இல்லை.

1622 ஜூலையில் இத்தாலியில் காஸ்பாரே அசெல்லி என்ற மருத்துவர் ஒரு நாயை அறுத்துப் பார்த்தார். அது சற்று முன்னால்தான் நன்றாகத் தின்றிருந்தது. குடலைத் தாங்கும் சவ்வில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். உணர்வைக் கடத்தும் நரம்புகள் என்று முதலில் நினைத்தார். ஒன்றைக் கீறினார், பால் போலத் திரவம் வந்தது. பசியோடு இருந்த நாயில் பார்த்தபோது அந்தக் கோடுகளே இல்லை. அதனால்தான் அவற்றுக்குப் பால்நாளம் என்று பெயர். நானும் பார்த்திருக்கிறேன். கல்யாணச் சாப்பாடு முடிந்து வீடு திரும்பும் வழியில் விபத்தில் சிக்கிய ஒருவருக்கு அவசரமாக வயிற்றைத் திறந்தபோது, சவ்வெங்கும் வெள்ளை நூல் கோலம். விருந்தின் நெய் அது. சுற்றி நின்ற மாணவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டினேன்.

கேள்வி: என் தம்பி மகன் நன்றாகச் சாப்பிடுகிறான். முட்டை, பால், பருப்பு எல்லாம் கொடுக்கிறார்கள். உடம்பு தேறவில்லை. "சாப்பிடுவது ஒட்டமாட்டேன் என்கிறது" என்கிறார்கள். அப்படி ஒன்று உண்டா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: உண்டு. அந்தப் பழைய வார்த்தை எவ்வளவு சரியானது பாருங்கள். தட்டில் இருக்கிற சத்து இன்னும் நம்முடையது இல்லை, வாய்க்குள் போனதும் இல்லை, குடலுக்குள் போனதும் இல்லை. குடலின் உட்பக்கம்கூட உடம்புக்கு வெளியேதான். அந்த ஒற்றை அடுக்குச் செல்லைத் தாண்டினால்தான் ஒட்டியது என்று அர்த்தம். அதன் கனம், ஒரு மில்லிமீட்டரை முப்பது நாற்பதாகப் பிரித்தால் ஒரு பங்கு.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி.யில் இதைப் பற்றி நடந்த வேலை உலகப் புகழ் பெற்றது. 1960களின் தொடக்கத்தில் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் 'ஸ்ப்ரூ' என்ற நோய் கொள்ளை நோய் போலப் பரவியது. விடாத பேதி, உடல் மெலிவு, நாக்குப் புண், இரத்தசோகை. செல்வின் பேக்கர், வி.ஐ. மாத்தன் முதலிய மருத்துவர்கள் ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தார்கள். மெல்லிய குழாயின் நுனியில் கட்டிய சிறிய உலோகக் கூட்டை நோயாளி விழுங்குவார். அது மேல்குடலை அடைந்ததும் உறிஞ்சி இழுத்துச் சவ்வில் ஒரு துளியை வெட்டிக்கொள்ளும். நான் மாணவியாக இருந்தபோது அப்படி எடுத்த ஒரு துளியை நுண்ணோக்கியில் காட்டினார்கள். படத்தில் விரல் விரலாக நிற்கிற உறிஞ்சிகள் அங்கே இல்லை. குட்டையாக, தட்டையாக, ஒன்றோடொன்று ஒட்டிய வரப்புகளாக இருந்தன.

என்னை உலுக்கியது அடுத்த விஷயம்தான். நோயே இல்லாத, நன்றாக நடமாடுகிற நம் ஊர்க்காரர்கள் பலரின் உறிஞ்சிகளும் விரல் போல இல்லாமல் இலை போல அகன்று இருந்தன. நம் இன அமைப்போ என்று சந்தேகம் வரலாம். இல்லை. அமெரிக்காவில் இருந்து அன்றைய கிழக்கு பாகிஸ்தானுக்குச் சேவைக்கு வந்த இளைஞர்களுக்கும் சில மாதங்களில் அப்படியே ஆனது. ஊர் திரும்பிய பின் மெல்லச் சரியானது. ஆக, காரணம் இடத்தில் இருக்கிறது. அசுத்தமான தண்ணீரிலும் மண்ணிலும் இருந்து ஓயாமல் உள்ளே போகும் கிருமிகள் அந்தச் சவ்வைத் தேய்த்துக்கொண்டே இருக்கின்றன என்றுதான் மருத்துவ உலகம் கருதுகிறது. அதனால்தான் சத்துணவைப் பற்றிப் பேசுகிற மேடையிலெல்லாம் கழிப்பறையையும் குடிநீர்க் குழாயையும் பற்றி நான் பேசுகிறேன். முட்டை கொடுத்தால் போதாது, முட்டையை வாங்கிக்கொள்ளும் சுவரும் பிள்ளைக்கு இருக்க வேண்டும்.

உங்கள் தம்பி மகனைக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். எடை, உயர அட்டையைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். மலம் அதிகமாக, எண்ணெய்ப் பிசுக்காக, துர்நாற்றத்தோடு போகிறதா என்று சொல்ல வேண்டும். பூச்சி, காசநோய், கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டியிருக்கலாம். சீலியாக் நோயிலும் உறிஞ்சிகள் மழுங்கித்தான் போகின்றன. கோதுமையை முழுக்க விட்டால் பெரும்பாலும் மறுபடி வளர்கின்றன. சோதிக்கும் முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள், சோதனையில் தெரியாமல் போய்விடும்.

கேள்வி: என் கணவருக்குக் குடல் காசநோயால் அடைப்பு ஏற்பட்டு, சிறுகுடலின் கடைசியில் இரண்டடிக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டார்கள். இனி அவர் சாப்பிடுவதில் சத்து சேருமா? எவ்வளவு வெட்டினால் ஆபத்து?
– வாசகி, ராஜபாளையம்

பதில்: பயப்படாதீர்கள், சேரும். சிறுகுடலில் ஒரு பகுதி போனாலும் பலர் சாதாரணமாக வாழ்கிறார்கள். மிஞ்சியது 2 மீட்டருக்கும் கீழே போனால்தான் நாங்கள் குறுகிய குடல் என்று கவலைப்படத் தொடங்குவோம்.

குடல் முறுக்கிக்கொண்டு அழுகிப்போன நிலையில் ஒருவர் என்னிடம் வந்தார். லாரி ஓட்டுபவர். ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் சிறுகுடலைக் காப்பாற்ற முடிந்தது, பெருங்குடல் தப்பியது. முதல் மூன்று மாதம் தின்றதெல்லாம் தண்ணீராகப் போனது, எலும்பும் தோலுமானார். நரம்பு வழியாகச் சத்து ஏற்றினோம். வாய் வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை கொடுத்தோம். உணவு பட்டால்தான் மிச்சக் குடல் வளரும். அது வளர்ந்தது. குடல் விரிந்து, உறிஞ்சிகள் நீண்டு, இருக்கிற இடத்திலேயே பரப்பைக் கூட்டிக்கொள்ளும். இரண்டு வருடத்தில் அவர் மறுபடி வண்டி ஓட்டினார்.

ஆனால் உங்கள் கணவர் விஷயத்தில் நீளத்தைவிட இடம் முக்கியம். கடைக்குடலுக்கு மட்டுமே உரிய இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, வைட்டமின் பி12. இரைப்பை சுரக்கும் ஒரு புரதத்தோடு சேர்ந்து அது குடல் முழுக்கப் பயணம் செய்து, கடைசிப் பகுதியில்தான் இறங்கும். இரண்டு, பித்த உப்புகள். கொழுப்பைக் கரைத்து முடித்த பித்த உப்பைக் கடைக்குடல் திரும்ப உறிஞ்சிக் கல்லீரலுக்கு அனுப்பும். மேல்குடலின் பெரும்பாலான வேலையைக் கடைக்குடல் கற்றுக்கொள்ளும். கடைக்குடலின் இந்த இரண்டு வேலைகளை மேல்குடலால் கற்றுக்கொள்ள முடியாது.

இதை நான் ஒரு நோயாளியின் கால்களிடம் இருந்து கற்றேன். 1980களின் கடைசி, நான் இளம் அறுவை மருத்துவர். உங்கள் கணவருக்கு வந்த அதே நோய், அதே இடம், இரண்டரை அடி எடுத்தேன். தையல் நன்றாக ஆறியது, காசநோய் மருந்து முடிந்தது, மகிழ்ச்சியாக அனுப்பிவைத்தேன். நாலு வருடம் கழித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். "பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது டாக்டரம்மா. செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியவில்லை." கல்லீரல் பி12-ஐ வருடக்கணக்கில் சேமித்து வைத்திருக்கும், அந்தச் சேமிப்பு அப்போதுதான் தீர்ந்திருந்தது. டிஸ்சார்ஜ் தாளை வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்து. பி12 ஊசியைப் பற்றி ஒரு வரி இல்லை. ஊசி போட்டோம், இரத்தம் ஏறியது, நடை திரும்பியது. பாதத்தின் மரமரப்பு மட்டும் கடைசிவரை முழுதாகப் போகவில்லை. அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவே இல்லை. இன்றும் நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது இது. கணவரின் டாக்டரிடம் பி12 ஊசி எப்போது தொடங்க வேண்டும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று கேளுங்கள். பெரும்பாலும் ஆயுள் முழுக்கத் தேவைப்படும். செலவு பெரிதாக ஆகாது. எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீராகப் போனால், திரும்ப உறிஞ்சப்படாத பித்த உப்பு பெருங்குடலைத் தூண்டுவதாக இருக்கலாம். அதற்கும் மருந்து இருக்கிறது. வைட்டமின் டி-யையும் சோதிக்கச் சொல்லுங்கள். அறுவை அறிக்கையின் நகல் ஒன்றை ரேஷன் அட்டையோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். வேறு எந்த டாக்டரிடம் போனாலும் அதைக் காட்டி, எவ்வளவு வெட்டினார்கள் என்று மட்டும் சொல்லாமல், எவ்வளவு மிச்சம் இருக்கிறது, கடைசிப் பகுதி போய்விட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.